நீல மூடி, வெள்ளை மூடி

அழைப்பு மணியை அழுத்திவிட்டு, போன் கேமராவைத் துடைத்துக்கொண்டார் ஜிம் மாஸ்டர். தன்னிடம் ஊசி மருந்து வாங்கும் பெண் வீடியோவில் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டால் போதும், வியாபாரம் எங்கேயோ போய்விடும்.

குடல் புண்ணுக்கும் வீக்கத்துக்கும் என்று இரண்டு பெப்டைடு ஊசி மருந்துகளைக் காதும் காதும் வைத்தாற்போல் விற்றுவந்தார். ஒன்று நீல மூடிக் குப்பி, மற்றது வெள்ளை மூடிக் குப்பி; இரண்டுமே இன்னும் சோதனையில் இருப்பவை. முதலில் பேசாமல் வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண், சில மாதங்களாகத் தினமும் காலையில் எழுதி அனுப்பினாள்.

'நீல மூடி போட்டேன். இன்னும் ஒண்ணும் ஆகலை.' பிறகு, 'வெள்ளை மூடிக்கு மாறிட்டேன். இன்னும் ஒண்ணும் ஆகலை.'

பக்கவிளைவே இல்லை என்று அதையே விளம்பரமாகப் போட்டிருந்தார் மாஸ்டர்.

கதவைத் திறந்தது அவளுடைய அம்மா.

"பொண்ணு இல்லீங்களாம்மா?"

"உள்ள வாங்க தம்பி. உங்களைப் பாக்கணும்னுதான் இருந்தேன்."

கூடத்திலிருந்து மகளின் அறை தெரிந்தது. கட்டிலில் மெத்தை இல்லை, வெறும் பலகை. மாஸ்டருக்கு ஏனோ அந்தப் பக்கம் திரும்பவே பிடிக்கவில்லை.

அம்மா பிரிட்ஜிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். "பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே, படிங்க."

"ஆராய்ச்சிக்கு மட்டும். மனுஷங்களுக்கு இல்ல." மாஸ்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அது சும்மா, சட்டத்துக்காகப் போடுறதும்மா."

"அவளும் அப்படித்தான் சொன்னா. ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டா. ஒருநாள் காலைல எழுப்பப் போனேன், எந்திரிக்கல. டாக்டருங்களுக்கே காரணம் சொல்லத் தெரியல."

"எப்பம்மா?"

"மழைக்காலத்துல."

மாஸ்டர் கையிலிருந்த போனைப் பார்த்தார். மழை விட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. "இன்னைக்குக் காலைலகூட அவங்க மெசேஜ் வந்துச்சே."

அம்மா வெள்ளை மூடிக் குப்பியிலிருந்து ஊசியில் மருந்தை ஏற்றினார். நிதானமாக, பழகிப்போன கையாக. ஊசி தன் பக்கம்தான் வருகிறதென்று மாஸ்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

ஆனால் அந்த அம்மா, தன் வயிற்றுச் சதையைப் பிடித்து அதிலேயே குத்திக்கொண்டார். மருந்து முழுக்க இறங்கும்வரை காத்திருந்தார். பிறகு மகளின் போனை எடுத்து, இன்றைக்கு இரண்டாவது முறையாக எழுதத் தொடங்கினார்.

"எதுக்கும்மா இப்படி?" மாஸ்டர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டுல எது அவளைக் கொன்னுச்சுன்னு தெரிய வேணாமா, தம்பி?"