தினம் ஓர் அதிகாரம்

தையற்கடை எரிந்த நாளிலிருந்து தையற்காரர் பைபிளைத் தொடவில்லை. மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆனதும் வந்தது வினை.

“டாக்டர் என்னைப் படிக்கக் கூடாதுன்னுட்டார். தினம் ஒரு அதிகாரம் நீங்கதான் வாசிக்கணும்.”

“என் கடை எரியறதைப் பார்த்துக்கிட்டிருந்த கர்த்தரோட புத்தகத்தையா?”

“உங்க சண்டையை அவர்கிட்ட வெச்சுக்கோங்க. எனக்குச் சத்தமா வாசிங்க.”

வேண்டாவெறுப்பாகத்தான் வாசித்தார். மூன்றாம் வாரம் முணுமுணுப்பு நின்றது. ஐந்தாம் வாரம் ஒரு வசனத்தில் குரல் உடைந்தது. இரண்டாம் மாதம் சின்னதாக ஓர் இடம் பிடித்து, ஒற்றை மிஷினோடு மறுபடி தொழிலில் இறங்கினார்.

மறுபரிசோதனைக்கு அவரும் துணைக்குப் போனார். அவள் படிக்காமலே இருப்பதைக் கேட்ட டாக்டர், “பத்தாம் நாளே படிக்கலாம்னு சொன்னேனேம்மா!” என்றார்.

அவளுக்கு முகம் வெளிறியது. வெளியே வந்ததும், “பொய் சொன்னதுக்கு நல்லா திட்டிடுங்க,” என்றாள்.

அவர் சிரித்தார். “நீ ஊசியில நூல் கோக்கிறதை ஒரு மாசம் முன்னாடியே பார்த்துட்டேன்.”

“தெரிஞ்சும் ஏங்க வாசிக்கிறதை நிறுத்தலை?”

“நல்லா இருக்கே! நிறுத்தியிருந்தா நான் மறுபடி மிஷின்ல உட்கார்ந்திருப்பேனா?”