லிஃப்ட் ஓட ஆரம்பித்த மாதம்

மாதத்தின் கடைசி நாள், சாப்பாட்டு நேரம். மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடிப் பட்டறையில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தை நிறுத்தினேன். டிபன் பாக்ஸை வழக்கம்போலப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டேன்.

எடுத்தாள். "ம்" என்றாள்.

அவ்வளவுதான் பேசுவாள். கணவன் இறந்து, அவள் ஊருக்கே திரும்பிப் போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஒரு காலத்தில் வாய் ஓயாத பெண். இப்போது அந்த ஒரு "ம்"மை வைத்தே காலம் தள்ளுகிறாள்.

மாதக் கடைசியில் போன் செய்து, அந்த மாதம் பிடித்த விஷயம் ரெண்டு சொல்ல வேண்டும். சட்டம் போட்டவளே அவள்தான். வேலைக்காக நான் முதன்முதலில் ஊரைவிட்டு வந்தபோது தினமும் போனில் மூக்கால் அழுவேன். ரூம் சரியில்லை, சாப்பாடு சரியில்லை, முதலாளி மனுஷனே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், இனிமேல் மாதம் ஒருமுறை, அதுவும் ரெண்டு நல்ல விஷயத்தோடு வந்தால்தான் போனை எடுப்பேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன மாதிரியே எடுக்கவும் இல்லை. ராங்கிக்காரி.

அதற்குப் பயந்தே நல்லதாக எதையாவது தேடிப் பிடிப்பேன். பிழைத்தும் கொண்டேன்.

இப்போது நான் ரெண்டு சொல்கிறேன். "உனக்கு?" என்று கேட்கிறேன். "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிடுகிறாள். ஒரு காபி நன்றாக இருந்தது என்று சொன்னால்கூடப் போதும், என் தங்கை எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள். கல்லில் நார் உரிக்கிற வேலை இது, அவளைச் சும்மா விடுங்கள் என்கிறாள் என் மனைவி. நான் விடுவதாக இல்லை.

சொல்லப்போவதை எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். லென்ஸ் வருகிற சின்னக் காகித உறையின் பின்பக்கத்தில் எழுதுவேன். பேசி முடித்ததும் டிராயரில் போட்டுவிடுவேன். இன்றும் டிராயரைத் திறந்து, உறையை எடுத்துப் படித்தேன்.

ஒன்று, ஆறு மாதமாகப் படுத்துக் கிடந்த எங்கள் கட்டட லிஃப்ட் ஒருவழியாக ஓட ஆரம்பித்துவிட்டது. மூன்று மாடி ஏறி இறங்கி என் முட்டி கழன்றுபோன கதையையும் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாவது, ஒரு பெரியவர். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட வந்த மனைவியை ஏற இறங்கப் பார்த்து, நீ எப்போ இவ்வளவு கிழவியானே என்று கேட்டார். அந்த அம்மா, அதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வாங்க என்று நடையைக் கட்டிவிட்டார்.

இந்த இடத்தில் "ம்" வரும். வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது.

"அண்ணா," என்றாள். "அந்த லிஃப்ட் அஞ்சு மாசம் முன்னாடியே ஓட ஆரம்பிச்சிருச்சே."

உறையைத் திருப்பினேன். மூலையில் லென்ஸ் வந்த தேதி இருந்தது. ஐந்து மாதம் பழசு. இந்த மாதத்துக்கென்று காலையில் எழுதிய உறை டிராயருக்குள் கிடந்து என்னைப் பார்த்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நடுவில் பழுதாகி மறுபடி ஓடுகிறது என்று சமாளித்தேன்.

"சரி. அந்தப் பெரியவரும் மறுபடி வந்து, மறுபடி கண்ணாடி வாங்கி, மறுபடி அதையே கேட்டாரா?"

வெறும் "ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஒரு வார்த்தை விடாமல் சேர்த்து வைத்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்லு என்றாள். சொன்னேன். லிஃப்ட் இன்றுவரை ஓடவில்லை, கதவில் தொங்குகிற அட்டைகூட அதே அட்டைதான். பெரியவர் என்று யாரும் வரவில்லை. மாடிப்படியில் குட்டி போட்ட பூனை? இல்லை. அண்ணி சமைத்துக்கொண்டே பாடியது? உன் அண்ணி பாடினால் கட்டடமே காலியாகிவிடும் என்று ஒப்புக்கொண்டேன். இத்தனை மாதம் சொன்னதில் நடந்தது என்று ஒன்றுகூடக் கிடையாது. இந்த ஒன்பது மாதத்தில் எனக்கு மட்டும் எது பிடித்துத் தொலைத்தது?

அந்தப் பக்கம் ஒரு சத்தம். மூக்கை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. போச்சு, அழவைத்துவிட்டேன் என்று எழுந்து நின்றுவிட்டேன்.

சத்தம் பெரிதானது. சிரிக்கிறாள். மூச்சு வாங்கி, விக்கல் எடுத்து, சின்ன வயதில் வீட்டையே கூட்டுவாளே, அதே கழுதைச் சிரிப்பு.

அடங்கியதும் மூக்கைச் சிந்தினாள். "எழுதிக்கோ. இந்த மாசம் எனக்குப் பிடிச்சது, நீ மாட்டிக்கிட்டது."

எனக்குப் பேராசை. சட்டம் என்றால் சட்டம், ரெண்டாவது எங்கே என்றேன்.



"அந்தப் பெரியவர்," என்றாள். "அப்பவே பிடிச்சிருந்தது. சொல்லத்தான் தோணல."

அடுத்த மாதம் நிஜமாக நடந்ததாகப் பார்த்துக் கொண்டுவா, இல்லாவிட்டால் போனை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

புது உறை ஒன்றை எடுத்தேன். "தங்கை சிரித்தாள்" என்று எழுதினேன்.

பிறகு பக்கத்து ஸ்டூலைப் பார்த்தேன். வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்றுதான் ஒன்பது மாதமாக அதில் டிபன் பாக்ஸை வைக்கிறேன். முதலாளி எத்தனையோ முறை சொல்லியும் எடுக்கவில்லை. அதில் பதினோரு வருஷம் உட்கார்ந்து என்னோடு லென்ஸ் தேய்த்தவனுக்குத்தான் என் தங்கையைக் கட்டிக்கொடுத்தேன்.

டிபன் பாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"மச்சான்," என்றேன். "அவ சிரிச்சுட்டாடா."