நல்ல பால்

வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தார் அறிவியல் டீச்சர் வான்மதி. எலுமிச்சைச் சாறு நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்கியது. சோப்புத் தண்ணீர் சிவப்புத் தாளை நீலமாக்கியது. அடுத்து ஒரு பாட்டில் பால். அதிலும் சிவப்புத் தாள் நீலமானது.

"நல்ல பால் இப்படி மாத்தாது. கெட்டுப்போகாம இருக்க எவனோ சோடா உப்பு கலந்து ஏமாத்தியிருக்கான்," என்றார் உற்சாகமாக. "யாரு கொண்டுவந்தது?"

பூவிழி எழுந்தாள். ஊருக்கே பால் ஊற்றுகிறவர் அவள் அப்பா. வகுப்பு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"தாள் பழசா இருக்கும்மா," என்று தடுமாறினார் வான்மதி.

பூவிழி முன்னால் வந்து, மீதிப் பாலை எல்லோரும் பார்க்க ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

"நல்ல பால்தான் டீச்சர்."

தலை நிமிர முடியாமல் நின்றது வான்மதிதான்.