சக்கரத்துக்கு எண்ணெய்

பழைய பல் பிரஷ்ஷால் பெட்டியின் ஜிப்பை அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கணவர் கையில் காபியோடு பின்வாசலில் வந்து நின்றார்.

முகத்தில் கல்யாண வீட்டுச் சந்தோஷம்.

கோபம் வந்தால் அவருக்கு வாயில் வருவது ஒன்றுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டை விட்டுப் போ. இருபத்திரண்டு வருடத்தில் மூன்று முறை, அவளுக்குச் சிரமம் வேண்டாமென்று அவரே தூக்கித் தெருவில் போட்டிருக்கிறார்.

முதல் முறை, சட்டையில் பொத்தான் அறுந்து போனதற்கு. இரண்டாம் முறை, அவருடைய அக்காவிடம் பதில் பேசியதற்கு. மூன்றாவது நேற்று மாலை, கொட்டுகிற மழையில். எதற்கென்று அவருக்கே இப்போது நினைவிருக்காது.

முன்பெல்லாம் அவள் பெட்டியைத் துடைத்து அலமாரி மேல் ஏற்றிவிடுவாள். இன்று நேராகக் குழாயடிக்கு இழுத்து வந்துவிட்டாள்.

நனைந்த நாலு புடவைகளைப் பிழிந்து கொடியில் போட்டாள். உள்பையில் கைவிட்டு, ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள். முந்தானையால் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

என்ன அது என்றார் அவர். அம்மா கொடுத்தது என்றாள்.

“உங்கம்மா குடுத்தது ஒண்ணு விடாம எடுத்துக்கோ. அப்புறம் அதைக் காணோம், இதைக் காணோம்னு வந்து நிக்காதே.”

அவள் தலையாட்டினாள்.

உள்துணியில் பூஞ்சை பூத்திருந்தது. வினிகர் கலந்த தண்ணீரில் துணியை முக்கித் துடைத்தாள். ஜிப்பின் பற்கள் மேல் மெழுகுவத்தித் துண்டை ஓட்டினாள். மூலையில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். அவசரமே இல்லை.

அவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சக்கரத்தை நல்லாத் தேயி, பாதி வழியில நின்னு மானத்தை வாங்கப் போகுது என்றார். பிறகு பொறுக்க மாட்டாமல் தானே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

சக்கர அச்சில் சுற்றியிருந்த நூலையும் தலைமுடியையும் ஊக்கால் நெம்பி இழுத்தார். அவளுடைய தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயைக் கொண்டுவந்து, நாலு சக்கரத்துக்கும் தலைக்கு இரண்டு சொட்டு விட்டார். உருட்டிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போல ஓடியது.

அவளுடைய பொருள் ஒன்றுக்காக அவர் குனிந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் கொண்டுபோய் வைத்தார். அவள் மறுபடி நிழலுக்கு இழுத்தாள். வெயிலில் வைத்தால் பெட்டியின் மேலோடு வெடிக்கும். அவசரம் அவருக்கு, பெட்டிக்கு என்ன?

நடுவில் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டார், இந்தத் தடவை நிஜமாகவே கிளம்புகிறாள் என்று. அந்தப் பக்கத்துக் குரல் குழாயடி வரை கேட்டது. தனியாக ஏன்டா கஷ்டப்படுகிறாய், என்னிடம் வந்துவிடு, ராஜா மாதிரி பார்த்துக்கொள்கிறேன்.

நல்ல மனசு, என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே குளித்துவிட்டு வந்தபோது, கூடத்தில் பெட்டி மூடி நின்றது. புத்தம்புதிதாக இருந்தது.

போகிறவளுக்கு இந்த உதவியாவது செய்வோம் என்று அவரே கைப்பிடியை இழுத்துப் பிடித்து வாசல்வரை உருட்டினார். படியோரச் சரிவில் இறக்கத் திருப்பும்போது கை தாழ்ந்தது.

“என்ன இந்தக் கனம் கனக்குது? வீட்டையே அடைச்சுட்டியா?”

“உங்க சட்டைதாங்க. பொத்தான் எல்லாம் தெச்சாச்சு.”

கைப்பிடியில் அட்டை ஒன்று ஆடியது. அதில் அவர் பெயர். கீழே, அக்கா வீட்டு விலாசம்.

அவர் நிமிர்ந்தார். என் வீட்டில் நின்றுகொண்டு என்று ஆரம்பித்தார். வாசல் பலகையிலும் அவர் பெயர்தான் இருந்தது.

அவள் இடுப்பிலிருந்த உறையை எடுத்து, ரப்பர் வளையத்தைக் கழற்றி, முதல் தாளை மட்டும் விரித்துப் பிடித்தாள். முத்திரை. கதவு எண். அதற்கு நேரே, அம்மா எழுதிவைத்த அவள் பெயர்.

என் வீடு, என் வீடு என்று கேட்டுக் கேட்டு, அவளே பாதி மறந்திருந்தாள்.

மூன்று முறையும் அவர் தெருவில் வீசிய பெட்டிக்குள் இருந்தது இந்த வீடுதான்.

அவர் கைப்பிடியை விட்டுவிட்டார். பெட்டி சரிவில் தானாக இறங்கித் தெருவுக்குப் போனது.

சக்கரம் சத்தமே போடவில்லை.