ரூஹி கேட்ட மஹர்

“ஒரு செங்கல்லைக்கூட எடுத்துடாதீங்க மாமா.”

“அப்புறம் எதைத்தாம்மா எடுக்கறது? மழை வந்தா ஒழுகுதே.”

அடையாறு வீட்டை அளக்க வந்த முதல் நாள் ரூஹி சொன்னது இன்னும் ஹபீபுர் ரஹ்மான் காதிலேயே இருந்தது. பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வைப்பது அவள் வேலை. வந்த இடத்தில் அவர் மகன் அஃப்தாபுக்கு அவளைப் பிடித்துப்போக, பேச்சு இன்று நிச்சயம் வரை வந்துவிட்டது.

இடித்துவிடத்தான் முதலில் நினைத்திருந்தார். அடையாறு கிராமமாக இருந்த காலத்தில் வயலுக்கு நடுவே எழுந்த வீடு அது என்பதை அவள்தான் சொன்னாள். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிய கூரையையும் அவள்தான் காட்டினாள். அதன்பின் கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைக்கூட அவர் கூரையைப் பார்க்க வைக்காமல் அனுப்பியதில்லை.

அளக்க வரும் நாட்களில் மதியம் சாப்பிட்டதும் ரூஹி எதிர் அடுக்குமாடியில் தோழி கீர்த்தி வீட்டில் கொஞ்சம் படுத்துவிட்டு வருவாள்.

“நமக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு நெனைக்கிற பொண்ணு,” என்று மனைவி ஷம்ஷாத்திடம் பெருமைப்பட்டுக்கொள்வார்.

இன்று காலைகூட பில்டரின் ஆள் கபாலி வந்து நின்றார்.

“இன்னா பாய், ஊரே மாடி கட்டிக்கினு கீது. நீங்க செங்கல்லக் கட்டிப் புடிச்சிக்கினு கீறீங்க.”

“இந்த வீட்டுக்காகத்தான்யா மருமக வர்றா. இதை இடிச்சா என் புள்ளை தனிக்குடித்தனம் போயிடுவான். இனிமே இந்தப் பக்கம் வராதே.”

“மருமக வர்றது வீட்டுக்கா, புள்ளைக்கா?” என்றாள் ஷம்ஷாத்.

மாலை, கே.கே. நகரில் ரூஹியின் வீடு. மணப்பெண்ணுக்கு மாப்பிள்ளை தரவேண்டிய மஹர் பற்றிப் பேச்சு வந்தது. பெரியவர்கள் நகையில் ஆரம்பிக்க, ஹபீபுர் ரஹ்மான் கையமர்த்தினார்.

“அவளே கேக்கட்டும். அந்த வீட்டையே கேட்டாலும் இப்பவே எழுதித் தர்றேன்.”

அஃப்தாப் தலையைக் குனிந்துகொண்டான். ரூஹி முக்காட்டைச் சரிசெய்தாள்.

“ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் மாமா. நீங்க வருத்தப்படுவீங்களோன்னுதான் சும்மா இருந்துட்டேன்.”

“என்னம்மா வருத்தம்? கேளு.”

“அந்த வீட்டை வரைஞ்சு முடிச்சுட்டேன் மாமா. குடியிருக்க ஒரு ஃப்ளாட் குடுங்க.”