நல்ல காலில் ஒரு கட்டு

நன்றாக இருந்த காலில் ரோஹிணி க்ரேப் பாண்டேஜைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கார்ச் சாவியோடு வந்த கணவன் கிரீஷ் அதைப் பார்த்துத் திகைத்தான்.

"கால்ல என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. சுளுக்கு, மண்டி போட முடியலன்னு சொல்லிடலாம்."

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தாம்பரம் பக்கத்து இசைக் கல்லூரி ஒன்று இன்று அவளுக்குக் கௌரவ ஃபெல்லோஷிப் தருகிறது. கொடுக்கப்போகிறவர் அவளுடைய முதல் சங்கீத குரு ஸ்ரீநிவாசராகவன். யாராக இருந்தாலும் அவர் காலில் விழுந்துதான் அந்த விருதை வாங்குவது வழக்கம்.

"இதுக்குப் பேருதான் தலைக்கனம். சரளி வரிசை சொல்லிக் குடுத்தவர் கால்ல விழறதுக்குக் கசக்குதா?"

ரோஹிணி கட்டை இன்னும் இறுக்கினாள். சின்ன வயதில் அவரிடம் போவதைத் திடீரென்று நிறுத்தியவள் அவள். ஏன் என்று பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. ஏறிய ஏணியை எட்டி உதைத்தவள் என்று சங்கீத உலகம் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அந்தக் கெட்ட பெயரைத் துடைக்கத்தான் கிரீஷ் இவ்வளவு பாடுபட்டான். அவள் விருது வேண்டாம் என்றபோது, அவளைக் கேட்காமலே கல்லூரிக்கு ஃபோன் போட்டுச் சம்மதம் சொன்னவன் அவன்தான். தங்கள் கோவிலம்பாக்கம் அபார்ட்மெண்ட்டில் ஒரு வீடு விடாமல் அழைத்தும்விட்டான்.

பல்லாவரம் சிக்னலில் ரோஹிணி அவன் கையைப் பிடித்தாள். "வண்டியைத் திருப்பிடேன், ப்ளீஸ்."

"இன்விடேஷன்ல பேர் போட்டாச்சு. இனிமே எப்படிம்மா?"

பின்சீட்டில் மகள் ஸஹானா பட்டுப்பாவாடையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. அம்மாவுக்கு விருது என்று அவளுக்குத் நிலைகொள்ளாத சந்தோஷம்.

மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள், பட்டயம் கொடுத்தார்கள். ரோஹிணி நொண்டியபடி போய், எட்ட நின்று கைகூப்பினாள். "மன்னிக்கணும் சார், கால் சுளுக்கு" என்று மைக்கைக் கையில் வாங்கிச் சொன்னாள்.

அரங்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முதல் வரிசையில் கிரீஷ் கூனிக் குறுகிப் போனான்.

நாற்காலியில் இருந்த பெரியவர் ஸ்ரீநிவாசராகவன் பெருந்தன்மையோடு சிரித்தார். "அதனால என்ன? உனக்குப் பதிலா உன் பொண்ணு நமஸ்காரம் பண்ணட்டும். நன்னாப் பாடறாளாமே? அவளையும் என்கிட்ட அனுப்பு."

கூட்டம் கைதட்டியது. கிரீஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்ன மனுஷர், எவ்வளவு பெரிய மனசு! "போம்மா, சீக்கிரம் போ" என்று ஸஹானாவை மேடையேற்றினான்.

"வேண்டாம் ஸஹானா, கீழ போ" என்று மைக்கை விலக்கிச் சொன்னாள் ரோஹிணி. கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. ஸஹானா விழுந்து நமஸ்கரித்தாள். "எழுந்திரு கொழந்தே" என்று பெரியவர் அவள் தோளைத் தொட இரண்டு கைகளையும் நீட்டினார்.

பட்டயம் தரையில் விழுந்தது. ரோஹிணி ஒரே பாய்ச்சலில் வந்து, மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். கையில் மைக் இன்னும் இருந்தது.

"இவளையும் தொடாதே!"