ஆட்காட்டிக் குருவி

"துணியைக் கீழ வைங்க மிஸ்டர் ஹோல்ராய்ட். தூசியைத் துடைச்சீங்கன்னா விலை இறங்கிடும்."

கில்பர்ட் ஹோல்ராய்ட் அவசரமாகத் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். விளம்பரம் பார்த்து வந்திருக்கும் இந்த நோரா டாசன் தொழில் தெரிந்தவள்தான் என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

வைக்கோல் கொட்டகையின் மூலையில், ஒட்டடையும் கோழி எச்சமுமாக நின்றது அந்தப் பச்சை நிற லாப்விங். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பந்தயக் கார். கவென்ட்ரியில் ஒரு சின்னப் பட்டறையில் நூற்றுக்கும் குறைவாகத்தான் செய்தார்கள். பிறகு பட்டறை தீப்பிடித்து, யாருக்கு எதை விற்றோம் என்ற கணக்கெல்லாம் சாம்பலாகிவிட்டது.

இரண்டு வருடம் முன்புவரை ஷ்ராப்ஷயரில் இதைச் சீந்த ஆளில்லை. இந்த எண்பத்தொன்பதில் லண்டன் பணக்காரர்கள் பங்குகளை விட்டுவிட்டுப் பழைய கார்கள்மேல் விழுந்து கிடந்தார்கள். ஓட்டுவதற்கு அல்ல, ஆறு மாதம் பூட்டி வைத்து அடுத்தவன் தலையில் கட்டுவதற்கு. நாடெங்கும் கொட்டகைக் கதவுகள் திறந்துகொண்டன, வெளிச்சமே பார்க்காத வண்டிகளெல்லாம் வெளியே வந்தன.

இந்த விலை என்றைக்கு மளமளவென்று சரியுமோ என்ற பயம் கில்பர்ட்டுக்கு. அதற்குள் காரைத் தள்ளிவிட்டு, மனைவி பெரிலோடு ஸ்பெயினில் கடலோரம் ஒரு வீடு வாங்கி, மிச்ச காலத்தை வெயிலில் கழிக்க வேண்டும். அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

பேசும்போது வீட்டம்மாவும் கூட இருக்கட்டும் என்று நோரா சொன்னாள். பெரில் தேநீர்த் தட்டோடு வந்து சேர்ந்தாள்.

நோரா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, காரின் முன்பக்கத் தகட்டில் மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தாள். பட்டி வைத்து மழுப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது. இடது பக்க நசுங்கல் வந்ததும் அவள் கை நின்றது.

"இதைச் சரி பண்ணவே இல்லையா?"

"தொடவே இல்ல. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு," என்றார் பெருமையாக. சரி பண்ணாமல் விட்டதற்குத்தான் இப்போது காசு. தட்டி நிமிர்த்திப் புதுப் பெயின்ட் அடித்தவர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எப்படி நசுங்கியது என்று நோரா கேட்டாள். கதை இருக்கிற வண்டிக்கு வாங்குகிறவர்கள் கூடுதலாகவே கொடுப்பார்கள் என்றாள். கில்பர்ட் கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஒரு நவம்பர் சாயங்காலம், லட்லோ சாலையில், மூடுபனிக்குள்ளிருந்து மான் ஒன்று குறுக்கே பாய்ந்த கதையைச் சொன்னார். கல்யாணமான புதிதில் பெரிலுக்குச் சொன்னதும் அதே கதைதான்.

"பெரிய மானா?"

"இல்ல. குட்டிதான்."

நோரா காந்தத்தைப் பைக்குள் போட்டாள். இரண்டு தடவை தவறவிட்டுத்தான் போட முடிந்தது. கொட்டகையில் அவ்வளவு குளிர்.

பெரில் சும்மா இருந்திருக்கலாம். அந்த நாளில் லெனர்டும் இந்தக் காரை அடிக்கடி எடுத்துக்கொண்டு போவானே என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தாள். லெனர்ட், கில்பர்ட்டின் தம்பி, செத்துப் பல வருடமாயிற்று.

"ரெண்டு பேர் ஓட்டினதா? அப்ப பாதி விலைதான்," என்று நோரா பையை மூடினாள். "ஒரே கை பட்ட வண்டிக்குத்தான் இப்ப மவுசு."

ஸ்பெயின் வெயிலில் பாதி அந்த நொடியே மறைந்துபோனது. தெரியாத விஷயத்தில் வாயை வைக்காதே என்று கில்பர்ட் மனைவிமேல் எரிந்து விழுந்தார்.

"லெனர்டுக்கு நான் சாவியே குடுத்ததில்ல. இந்த ஸ்டீயரிங்கை என் கை தவிர வேற கை தொட்டதில்ல. அந்த மான் அடிபட்ட அன்னைக்கு நேரா இங்க கொண்டாந்து நிறுத்தினேன், அதோட சரி."

"சத்தியமா?"

"எந்தச் சர்ச்சுல வேணா சொல்றேன். பெரில் சாட்சி."

சத்தியம் செய்த கையோடு, நேர்மையான மனிதர் போல ஒரு குறையையும் அவரே ஒப்புக்கொண்டார். லாப்விங் என்றால் ஆட்காட்டிக் குருவி. ஒவ்வொரு காரின் மூக்கிலும் சிறகு விரித்த குருவி ஒன்று திருகி வைத்திருப்பார்கள். குருவியின் வயிற்றில் பொறித்த எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒன்றாயிருந்தால் அதற்குத் தனி விலை. இவர் காரில் அது இருந்த துளைதான் இருந்தது. எங்கேயோ விழுந்துவிட்டது என்றார்.

இன்ஜின் எண்ணைப் படிக்கச் சொன்னாள் நோரா. கில்பர்ட் டார்ச்சோடு குனிந்து பார்த்து, "முப்பத்தேழு" என்றார்.

அவள் பைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்து, அதிலிருந்ததை அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு சிறகு வளைந்துபோன குருவி. திருப்பிப் பார்த்தார். முப்பத்தேழு.

துளையில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. கில்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. கடலோர வீட்டுக்கு இப்போது ஒரு மாடியே போடலாம்.

"பெரில், இங்க பாரு, நம்ம வண்டியோட அசல் குருவி." நோராவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

நோரா அந்தக் கையை விடவில்லை.

"லட்லோ ரோட்டுல கிடந்த என் தங்கச்சி கோட்டுல குத்தியிருந்துச்சு."